பம்பரம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருமுனை மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பம்பரம் விடச் சொல்லித் தருகிறேன். கூடவே அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் நிற்பார்கள். வாரம் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டபோது, பேசாமல் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

சுத்துற எல்லாமே பம்பரம்தானா? விரலால திருகி விடுறமே, அதுவும் பம்பரமா?

பொதுவாகச் சொன்னால் அதுவும் பம்பரம்தான். ஒரு முனையில் நின்று, தன் அச்சைச் சுற்றிச் சுழன்று, வேகம் குறைந்ததும் சாய்ந்துவிடும் எதையும் அப்படிச் சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஒருவர் "பம்பரம் விடலாம் வா" என்றால் அவர் மனத்தில் இருப்பது வேறு: பேரிக்காய் வடிவக் கட்டை, அடியில் ஆணி, ஆணியிலிருந்து மேல்நோக்கி வரிவரியாகப் பள்ளங்கள், சுற்றுவதற்குச் சாட்டை. இந்தப் பக்கத்தில் நான் பேசுவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

சாட்டையா? நாம பம்பரத்தை அடிக்கவே இல்லையே, அப்புறம் ஏன் சாட்டைன்னு பேரு?

நல்ல கேள்வி. நம் பம்பரத்தில் கயிறு ஒரே ஒரு தடவைதான் வேலை செய்கிறது. வீசும்போது அவிழ்ந்து சுழற்சியைக் கொடுத்துவிட்டுக் கைக்குத் திரும்பிவிடுகிறது. அந்த வீச்சும் வெடுக்கென்ற இழுப்பும் சாட்டையைச் சொடுக்குவது போலவே இருக்கும்.

உண்மையாகவே அடித்துச் சுழற்றும் பம்பரங்களும் உலகில் உண்டு. கொரியாவில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியின் மேல் பம்பரத்தை விட்டு, குச்சியில் கட்டிய கயிற்றால் விளாசிக்கொண்டே இருப்பார்கள். அடிக்க அடிக்கச் சுற்றும். ஐரோப்பாவிலும் இந்த வகை நெடுங்காலம் இருந்தது.

கடையில வாங்கின புதுப் பம்பரம் ஏன் குதிச்சுக் குதிச்சு ஓடுது?

ஏனென்றால் அது இன்னும் பம்பரம் ஆகவில்லை, கட்டையாகத்தான் இருக்கிறது. ஆணி நடு அச்சில் இல்லை என்றால் பம்பரம் உதறும், தத்தும், ஒரு இடத்தில் நிற்காது. மயிரிழை விலகினாலே போதும். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது புதுப் பம்பரம் வாங்கியதும் செய்யும் முதல் வேலை, இருக்கும் ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடிப்பதுதான். கொண்டையை வெட்டிய ஆணியை நேராக இறக்கி, நுனியைக் கருங்கல்லில் தேய்த்து, விட்டுப் பார்த்து, மறுபடி ஒரு தட்டு தட்டி, மறுபடி விட்டுப் பார்த்து... பாதி நாள் போய்விடும்.

நுனி ஊசியாக இருக்கக் கூடாது, லேசாக உருண்டு இருக்க வேண்டும். ஊசி நுனி மண்ணைத் துளைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளும். உருண்ட நுனியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் பம்பரம் ஏன் விழுவதில்லை என்ற கேள்வியில் சொல்கிறேன். இந்த வேலையைப் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும் என்பது என் கட்சி. சுத்தியலைப் பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

மரம் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?

மரம். பிளாஸ்டிக் பம்பரம் சுற்றாது என்றில்லை, நன்றாகவே சுற்றும். ஆனால் ஆணியை மாற்ற முடியாது, குத்துப்பட்டால் விரிசல் விட்டுப்போகும்.

மரத்தில் இறுக்கமான, ஈரம் வற்றிய கட்டை வேண்டும். கொய்யா, கருவேலம் இரண்டையும் நம் ஆட்கள் நம்பியதற்குக் காரணம் அவற்றின் இறுக்கம்தான். கடைசல் பட்டறையில் கட்டையைச் சுழல விட்டு உளியால் செதுக்குவார்கள். அது சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அழுத்திப் பிடித்தால், உராயும் சூட்டில் அரக்கு உருகி வண்ண வளையமாகப் படிந்துவிடும். அம்பாசமுத்திரம் மரச் சொப்புகளுக்கு வண்ணம் ஏறுவதும் இதே முறையில்தான். யோசித்துப் பார்த்தால் பம்பரம் பிறப்பதே சுற்றிக்கொண்டுதான்.

எனக்குச் சாட்டை சுத்தவே வரலை. அவிழ்ந்துக்கிட்டே இருக்கு.

நூல் கயிறு வாங்குங்கள். நைலான் வழுக்கும். கயிற்று நுனியை ஈரப்படுத்தி (நாங்கள் எச்சில்தான் தொட்டோம், நீங்கள் தண்ணீர் தொடுங்கள்) ஆணியோடு ஒட்டிப் பிடித்து, அங்கிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பள்ளம் பள்ளமாக மேலே கொண்டு வாருங்கள். மறுமுனையில் ஒரு முடிச்சு போட்டு விரலிடுக்கில் மாட்டிக்கொள்ளலாம். சிலர் சோடா மூடியைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, அதில் கயிற்றைக் கோத்து வைத்திருப்பார்கள். கைக்கு நல்ல பிடி. விரலில் கயிற்றை இறுக்கிச் சுற்ற வேண்டாம், வீசும்போது அறுக்கும்.

வீச்சு இரண்டு விதம். ஆணி கீழே பார்க்கப் பிடித்து இடுப்பு உயரத்தில் வீசி, வெடுக்கென்று கயிற்றைப் பின்னால் இழுப்பது ஒன்று. ஆணி மேலே பார்க்கப் பிடித்துத் தலைக்கு மேலிருந்து குத்துவது இன்னொன்று. முதலாவது கைவந்த பிறகு இரண்டாவதுக்குப் போகலாம். இடக்கைப் பிள்ளைகள் எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்க வேண்டும். "இவனுக்கு வரவே இல்லை" என்று என்னிடம் அழைத்து வரப்பட்ட ஒரு பையனுக்கு இருந்த ஒரே சிக்கல் இதுதான். சுற்றும் திசையை மாற்றியதும் மூன்றாவது வீச்சில் நின்று சுற்றியது.

மாமா, அபிட்னா என்ன? அப்பா சொல்லிக்கிட்டே இருக்கார்.

தரையில் சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தின் ஆணிக்கு அடியில் சாட்டையைக் கொடுத்து, சுண்டி மேலே எழுப்பிக் கையில் பிடிப்பதுதான் அபிட். அப்பீட்டு என்றும் சொல்வார்கள். ஆட்டம் தொடங்குவதே இதில்தான். தரையில் ஒரு வட்டம். எல்லாரும் சாட்டை சுற்றித் தயாராக நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் விட்டுவிட்டு அபிட் எடுக்க வேண்டும். கடைசியாக எடுப்பவன், எடுக்கவே முடியாதவன், பம்பரம் சுற்றாமல் மட்டையாகிப் போனவன், இவர்களுடைய பம்பரம் வட்டத்துக்குள் போகும்.

மற்றவர்கள் அதைக் குறிவைத்துத் தங்கள் பம்பரத்தால் அடிப்பார்கள். அடிக்கிற பம்பரமும் விழுந்த பிறகு சுற்ற வேண்டும், சுற்றாவிட்டால் அதுவும் உள்ளே. உள்ளே இருப்பதை வட்டத்தைவிட்டு வெளியேற்றினால் எல்லாருக்கும் மறுபடி அபிட். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். எங்கள் ஊரிலேயே மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் ஒத்துப்போகாது. ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் பேசி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் பேசினால் சண்டைதான்.

அடுத்தவன் பம்பரத்தை ஆணியால குத்திக் காயம் பண்றது என்ன விளையாட்டு சார்? இதைப் போய்ப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீங்களே?

அந்தக் குத்துத் தழும்புக்கு ஆக்கர் என்று பெயர். தோற்றவன் பம்பரத்தில் இத்தனை ஆக்கர் என்று கணக்கு வைத்துப் போடுவதும் உண்டு. நானும் இந்தக் கேள்வியை அப்படி ஒதுக்கிவிடுவதில்லை. ஒன்பது வயதில் என் கொய்யாக்கட்டைப் பம்பரம் வட்டத்துக்குள் இருந்தபோது, பெரிய பையன் ஒருவன் போட்ட போட்டில் இரண்டாகப் பிளந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் என்ன செய்தேன் என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. பிளந்த பம்பரத்தின் ஆணியைப் பிடுங்கிப் புதுக் கட்டையில் அடித்தேன். வட்டத்துக்குள் வைப்பதற்கென்று ஒரு ஓட்டைப் பம்பரத்தையும், அடிப்பதற்கென்று நல்ல பம்பரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் தந்திரத்தையும் அன்றுதான் கற்றேன். ஆடிய அதே பம்பரத்தைத்தான் உள்ளே வைக்க வேண்டும் என்று பையன்கள் அடுத்த வாரமே விதி போட்டார்கள். அதுவும் என்னால்தான். ஆக்கர் இல்லாத பம்பரம் ஆடாத பம்பரம் என்று கேலி பேசுவோம். எதிலும் கீறல் விழாமல் ஆடினால், கைக்குள் இருக்கும் பொருளுக்குச் சரித்திரமே இல்லாமல் போய்விடுகிறது.

இருந்தாலும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் ஆக்கர் ஆட்டம் சொல்லித் தருவதில்லை. அவர்களுக்கு ஓயாக்கட்டை போதும், யாருடைய பம்பரம் ஓயாமல் அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பது. வீசுபவனுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்பது எல்லா வயதுக்கும் விதி. ஆணி கண்ணுக்குப் போனால் விளையாட்டில்லை.

பெண் குழந்தைங்க விடலாமா?

விடலாம். இப்போது என்னிடம் வரும் கூட்டத்தில் அபிட் எடுப்பதில் முதலாவது ஒரு பெண்தான்.

பம்பரம் தமிழன் கண்டுபிடிச்சதுதானே?

ஒரு ஊரில் கண்டுபிடித்து மற்ற ஊருக்குப் பரவிய பொருளாக இதைப் பார்க்கத் தேவையில்லை. கீழே விழுந்த கொட்டை சுற்றுவதைப் பார்த்த எந்தக் குழந்தையும் இதைக் கண்டுபிடித்திருக்கும். எகிப்தில் லாகூன் என்ற இடத்தில் பெட்ரீ என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1889-90 ஆண்டுகளில் ஒரு பழைய தொழிலாளர் குடியிருப்பைத் தோண்டினார். ஏறக்குறைய 3,800 ஆண்டுப் பழைமை. அங்கே மரப் பம்பரங்கள் கிடைத்தன. கூடவே இருபுறமும் கூர்மையாகச் செதுக்கிய சிறு கட்டைகளும் கிடைத்தன, அதாவது நம் கில்லி. பம்பரமும் கில்லியும் சேர்ந்து ஒரே ஊரில்! எனக்கு இந்தச் செய்தி "நாம்தான் முதல்" என்பதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது.

எகிப்தின் வறண்ட மணல் மரத்தைக் காப்பாற்றி வைத்தது. நம் மழையும் கறையானும் அப்படி விட்டுவைப்பவை அல்ல. ஆகவே மண்ணுக்குள் மரப் பம்பரம் கிடைக்கவில்லை என்பதை வைத்து அக்காலத்துப் பிள்ளைகள் ஆடவில்லை என்று முடிவு கட்ட முடியாது.

அகழாய்வுப் படத்துல களிமண் பம்பரம் மாதிரி இருந்துச்சே, அது என்ன?

படத்தில் நடுவில் துளை இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் தக்களிக் குண்டு. நூல் நூற்கும்போது குச்சியில் செருகுவார்கள். அதன் கனம் குச்சியை ஒரே சீராகச் சுழல வைக்கும். கீழடியில் விளையாட்டுப் பொருட்களும் கிடைத்திருக்கின்றன. வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில், ஆட்டக்காய்கள், பகடைகள். தக்களிகளும் அங்கே உண்டு. தக்களியும் பம்பரமும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை, அதனால் குழம்புவதில் தப்பில்லை. அம்மா தக்களி சுழற்றுவதைப் பார்த்த பிள்ளைக்குப் பம்பரம் புதிதாக இருந்திருக்காது.

கிரேக்கத்துல பம்பரத்துக்கு 'பெம்பிக்ஸ்'னு பேராமே? அப்போ அங்கிருந்து வந்த சொல்தானா, இல்லை இங்கிருந்து போனதா?

பெயர் உண்மைதான். ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு சொல்லக் கூடாது. கிரேக்கர்கள் அதே பெயரால் ரீங்காரமிடும் ஒரு குளவியையும் அழைத்தார்கள். சுற்றும் பொருளும் பறக்கும் பூச்சியும் எழுப்பும் 'பம்ம்ம்' ஒலி எந்த ஊர்க் காதிலும் ஒன்றுதான். நம் பம்பை மேளத்தின் பெயரிலும் அந்த ஒலி இருக்கிறது. உறவு தேட வேண்டுமானால் பக்கத்து வீட்டில் தேடலாம்: மலையாளத்தில் பம்பரம், தெலுங்கில் பொங்கரம். கன்னடத்தில் புகுரி என்பார்கள், இந்தியில் லட்டு.

பேபிளேடும் பம்பரமும் ஒண்ணா அங்கிள்?

பேரனும் தாத்தாவும் மாதிரி, ஆனால் தாத்தா ஜப்பானியர். பெய்கோமா என்று அங்கே ஒரு பழைய பம்பரம் உண்டு. முதலில் சங்குபோன்ற சிப்பிக்குள் மணலை நிரப்பி மெழுகால் அடைத்துச் செய்தார்கள், பிறகு உலோகத்தில் வார்த்தார்கள். வாளியின் வாயில் துணியைக் கட்டி, அதன்மேல் இரண்டு பேர் விட்டு, ஒன்றையொன்று வெளியே தள்ளுவது ஆட்டம். தகாரா என்ற நிறுவனம் அந்த யோசனையை வைத்து 1999-ல் பேபிளேடைக் கொண்டுவந்தது. தள்ளி வெளியேற்றுவது நம் வட்ட ஆட்டத்திலும் இருப்பதுதான். பேபிளேடில் கழற்றி மாட்டும் பாகங்கள் இருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆணி மாற்றிய எங்கள் வேலையும் அதுதானே. ஆனால் அதில் அபிட் எடுக்க முடியாது.

சுத்தும்போது மட்டும் ஏன் விழாம நிக்குது?

ஒரு ரூபாய்க் காசை மேசையில் உருட்டி விடுங்கள். அது சாயும்போது தொப்பென்று விழாது, சாய்ந்த பக்கமாக வளைந்து ஓடும். சுழலும் பொருளைச் சாய்க்கப் பார்த்தால் அது சாய்வதற்குப் பதிலாகத் திசை திரும்புகிறது. பம்பரத்திலும் இதேதான். பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. ஆனால் சுழற்சி இருப்பதால் அந்த இழுப்பு தலையைக் கீழே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வட்டமாக நகர்த்துகிறது. பாடப் புத்தகத்தில் இதைக் கோண உந்தம் என்ற தலைப்பில் பார்க்கலாம்.

ஆணி நுனி உருண்டையாக இருக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? சாய்வாக விழுந்த பம்பரம் அந்த உருண்ட நுனியில் உருண்டும் வழுக்கியும் நகரும்போது, தரையின் உராய்வே அதை மெல்ல நிமிர்த்திவிடுகிறது. முதலில் வட்டமடித்து ஓடிய பம்பரம் கொஞ்ச நேரத்தில் ஓரிடத்தில் நின்று சுற்றுவது இப்படித்தான். அப்போது அதில் வரைந்த வண்ண வளையம்கூட அசைவது தெரியாது.

அப்போ கடைசியில ஏன் தலையைப் பெரிசா ஆட்டுது?

சுழற்சி குறையக் குறைய அந்தப் பக்கவாட்டு வட்டம் வேகமாகும். வேகமாகச் சுழலும் பம்பரம் மெதுவாகத் தலையாட்டும், மெதுவாகச் சுழலும் பம்பரம் வேகமாகத் தலையாட்டும். தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு அப்படித்தான். சாய்வும் கூடிக்கொண்டே போய், பக்கம் தரையில் தட்டியதும் கதை முடிந்தது.

பூமியும் பம்பரம் மாதிரி தலையாட்டுதுன்னு டீச்சர் சொன்னாங்க. நிஜமா?

நிஜம். அதற்கு ஆதாரம் உங்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு அது ஒரு முறை தலையைச் சுழற்றி முடிக்க ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் ஆகின்றன. 72 ஆண்டுக்கு ஒரு பாகை.

தை முதல் நாளை உத்தராயணம், அதாவது சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்கிறோம். ஆனால் சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். பொங்கலோ ஜனவரி 14 அல்லது 15. இடையில் சுமார் 24 நாள். நம் பஞ்சாங்கம் மாதப் பிறப்பை நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கிறது. பருவமோ அச்சின் சாய்வை வைத்து வருகிறது. அச்சு தலையாட்டியதால் இரண்டும் மெல்ல விலகிவிட்டன. ஒரு நாள் என்பது ஏறக்குறைய ஒரு பாகை. 24 பாகையை 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அந்த விலகலைத்தான் பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று போடுகிறார்கள். சித்திரை முதல் நாளுக்கும் மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளியும் இதுவே.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நம் பம்பரத்தை ஈர்ப்பு கீழே சாய்க்கப் பார்க்கிறது. பூமியையோ, நிலநடுக்கோட்டுப் பக்கம் புடைத்திருக்கும் அதன் இடுப்புப் பருமனைப் பிடித்துச் சூரியனும் நிலவும் நிமிர்த்தப் பார்க்கின்றன. அதனால் பம்பரம் தான் சுழலும் திசையிலேயே தலையாட்டும். பூமி எதிர்த்திசையில் ஆட்டும். இப்போது வடக்கைக் காட்டும் துருவ நட்சத்திரத்தின் வேலையைச் சுமார் 12,000 ஆண்டு கழித்து அபிஜித் நட்சத்திரம் பார்க்கும்.

போன்ல இருக்கிற ஜைரோஸ்கோப்புக்குள்ளயும் குட்டிப் பம்பரம் சுத்துதா?

இல்லை. ஜைரோஸ்கோப் என்ற பெயரை 1852-ல் வைத்த பிரான்ஸ் நாட்டு ஃபூக்கோ பயன்படுத்தியது உண்மையான சுழல் சக்கரம்தான். கப்பல்களிலும் விமானங்களிலும் அப்படிச் சுழலும் சக்கரங்கள் பிறகு வந்தன. போனில் இருப்பது மிக நுண்ணிய சிலிக்கான் துண்டு. அது சுழலாது, அதிரும். போனைத் திருப்பும்போது அந்த அதிர்வு விலகுவதை வைத்துத் திரும்பியதைக் கண்டுபிடிக்கிறது.

'பம்பரமா சுழல்றார்'னா பாராட்டுதானே? அப்போ 'பம்பரமா ஆட்டி வைக்கிறா'ன்னா திட்டா?

ஆமாம், ஒரே பொம்மையில் இரண்டும் இருக்கின்றன. முதலாவதில் பேசுபவர் பம்பரத்தைப் பார்க்கிறார், இரண்டாவதில் சாட்டை யார் கையில் என்று பார்க்கிறார். கல்யாண வீட்டில் பம்பரமாய்ச் சுழலும் சித்தப்பாவுக்கும் சாட்டையைச் சுற்றியது யாரோ ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்த பார்வை கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவுடையது. ஒரே பொருள் ஒரே நேரத்தில் அசைந்தும் அசையாமலும் இருக்க முடியுமா என்று 'குடியரசு' நூலில் ஒரு விவாதம் வருகிறது. அதற்கு எடுத்துக்காட்டு, ஓரிடத்தில் நின்று சுற்றும் பம்பரம். அச்சைப் பொறுத்தவரை நிற்கிறது, விளிம்பைப் பொறுத்தவரை சுற்றுகிறது என்று பிரித்துச் சொல்லி முடிக்கிறார்கள். ஏதென்ஸ் பையன்கள் ஆடுவதைப் பார்க்காமல் இது தோன்றியிருக்காது.

எவ்வளவு நேரம்தான் சுத்த வைக்க முடியும்?

நம் பம்பரம் நல்ல தரையில் ஒரு நிமிடம் நின்றாலே கைதட்டலாம். மலேசியாவின் கிளந்தான் பக்கம் காசிங் என்ற தட்டையான பம்பரம் விடுகிறார்கள். ஐந்து கிலோ அளவு கனம், விளிம்பில் ஈயம். வீசியதும் மரத்தட்டால் ஏந்தி, உலோகக் குழி வைத்த சிறு கட்டையின்மேல் உட்கார வைப்பார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் சுற்றும். எடை நடுவில் இல்லாமல் விளிம்பில் இருப்பதுதான் சூட்சுமம். அதற்காகப் பிள்ளைகள் பம்பரத்தின் பக்கத்தில் குண்டூசி அடித்துக் கனம் ஏற்ற வேண்டாம். சமநிலை போய், மறுபடி குதிக்கும் பம்பரமாகிவிடும்.

விண்வெளியில பம்பரம் விட்டா என்ன ஆகும்?

இதைக் கேட்டது ஐந்தாம் வகுப்புப் பையன். விண்வெளி நிலையத்துக்குள் எல்லாம் மிதந்துகொண்டிருப்பதால் பம்பரத்தைச் சாய்க்க எதுவும் இருக்காது. ஆகவே தலையாட்டல் கிடையாது, உராய்ந்து நிறுத்தத் தரையும் கிடையாது. எந்தப் பக்கம் ஆணியை நீட்டி விட்டோமோ அதே பக்கம் நீட்டியபடி சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் காற்று மெல்ல மெல்ல நிறுத்தும்வரை.

"அப்போ அங்க தோத்தவன் பம்பரத்தை வட்டத்துக்குள்ள எப்படி வைக்கிறது?" என்று உடனே கேட்டான். வைக்க முடியாது, மிதந்து போய்விடும் என்றேன். போன வாரம் மூன்று தடவை உள்ளே வைத்தவன் அவன்.